கல்லுக்கு ஊற்றிய கிளாஸ்

அந்தப் படத்தை எடுத்தது நீங்கள்தான், செயலாளரே. கோவில் குழுவின் வாட்ஸ்ஆப்பில் தெரியாத எண்ணிலிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லிக்கொண்டு திரிவது எனக்குத் தெரியும். படம் எடுத்த இடத்தில் நம் ஆட்கள் மூன்றே பேர்: நான், என் மகள், நீங்கள். என்னை நானே எடுக்கவில்லை. என் மகள் அந்த நேரத்தில் கழிவறையில் இருந்தாள். மிச்சம் யார் என்று நம் ஊர் மாசாயில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

படத்தில் ஒரு மரத்தடியில் நிற்கிறேன். சின்ன கிளாஸ் என் வாயில் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி: ‘நம் அன்னதானத்துக்குச் சமைக்கும் கை இதுதான்.’ அந்த ஒரு வரியால் என் மடைப்பள்ளி போனது. என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து திருவிழாச் சமையல் என்னுடையது. சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்பதும், எந்த அண்டா அடி பிடிக்கும் என்பதும், எந்த அடுப்பு காற்றுக்கு அணையும் என்பதும் நான் யாரையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. இந்த வருடம் நான் கரண்டியைத் தொடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அந்த மடைப்பள்ளி திரும்ப வேண்டும். எல்லாரும் படிக்கட்டும் என்று இதை எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படம் பொய்யில்லை. நான் விஸ்கி குடித்தேன். நன்றாக இருந்தது. வீட்டிலும் தீபாவளிக்கு ஒரு கிளாஸ் குடிப்பேன். யாரையும் கேட்டுக் குடிப்பதில்லை. என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுபவர், சொட்டுக்கூடத் தொடமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் குடிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்குப் போனேன் என்றும் சொல்கிறேன். பாசீர் கூடாங்கில் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கன்வேயரில் வரும் மூடியில் நசுங்கல் இருக்கிறதா, உள்ளே இருக்கும் ரப்பர் வட்டம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. பாதி மூடிகள் மதுப் பாட்டில்களுக்குப் போகும். கடைசி நாள் கேக் வெட்டி, ஒரு கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். என் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அம்மாவை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று அன்று இரவுச் சாப்பாட்டில் சொன்னாள்.

“பாலி போலாமா? பேங்காக்?”

“விஸ்கி செய்ற எடத்தப் பாக்கணும்.”

“அலமாக்! நீங்க என்னம்மா, டக்குனு இப்படி எறங்கிட்டீங்க?”

“வாழ்க்க பூரா மூடியத்தான் பாத்தேன். மூடிக்குக் கீழ என்ன இருக்குன்னு ஒரு நாளாச்சும் பாக்க வேணாமா?”

அவள் தேடிப் பிடித்தாள். காஹாங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் விஸ்கி வடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேன் கொள்ளும் அளவு ஆட்களை மட்டும் ஜோகூர் பாருவிலிருந்து கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டி, ருசி பார்க்கக் கொடுத்து, மாலைக்குள் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். வருபவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் ஆட்கள்.

ஹோட்டல் வாசலில் வேன் நின்றது. கதவைத் திறந்தால் முன் இருக்கையில் கறுப்புக் கண்ணாடி, தலையில் தொப்பியோடு நீங்கள். உங்கள் பக்கத்தில் இரண்டு சீனர்கள். என்னைப் பார்த்ததும் உங்கள் போனில் ஏதோ அவசரமாகப் படிக்க ஆரம்பித்தீர்கள். நான் விடுகிற ஆள் இல்லை.

“வணக்கம் அண்ணே!”

“ஓ… அக்கா! நீங்களா? எங்க இந்தப் பக்கம்?”

“நீங்க எங்க போறீங்களோ அங்கதான்.”

“நான் சும்மாக்கா. இவங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர் கஸ்டமருங்க. கம்பெனி குடுக்கணும்ல? நமக்கு இதெல்லாம் ஆகாது. உங்களுக்குத் தெரியாததா?”

என் மகளுக்கு என் வாய். “ஆகாதுன்னா வேன்லயே உக்காந்துக்குங்க அங்கிள். உங்க கிளாஸ நான் பாத்துக்கிறேன்.”

நீங்கள் சிரித்தீர்கள். பல் தெரிந்தது, சிரிப்பு தெரியவில்லை.

நமக்குள் ஏன் அந்தச் சங்கடம் என்று வெளியாட்களுக்குப் புரிய வேண்டும். நம் கோவில் முனியாண்டி கோவில். முதலாளி தோட்டத்தை விற்றபோது அங்கிருந்து தூக்கிவந்து மாசாயில் வைத்த சாமி. முனியாண்டிக்குப் படையல் என்றால் சேவல், சுருட்டு, ஒரு பாட்டில். தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோவிலைப் பெரிதாகக் கட்டிக் கும்பாபிஷேகம் முடிந்த பிறகு கமிட்டி கூடி, இனி பாட்டில் கிடையாது, சுருட்டு கிடையாது, சேவல் கிடையாது, சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல்தான் என்று தீர்மானம் போட்டது. பெயின்ட் அடிக்க வந்தவரிடம் சொல்லிச் சாமியின் மீசையைக்கூடச் சிறிதாக்கினீர்கள். இப்போது பார்த்தால் வங்கி அதிகாரி மாதிரி இருக்கிறார். அந்தத் தீர்மானத்தை மைக் பிடித்து வாசித்தவர் நீங்கள். அந்த வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவரும் நீங்கள்தான்.

சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். இரண்டு பக்கமும் அன்னாசி, பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை, அதற்குப் பிறகும் செம்பனை. வழிகாட்டி ஒரு சீனப் பெண், முப்பது வயது இருக்கும், கலகலப்பானவள். எல்லாரும் வெளியே பாருங்கள், எவ்வளவு பச்சை, எவ்வளவு அமைதி என்றாள். சிங்கப்பூர்க்காரர்கள் கண்ணாடியில் போனை ஒட்டிவைத்துப் படம் எடுத்தார்கள். நான் பார்த்தேன். வெட்டிப்போட்ட மட்டைகள் வரிசையாக அடுக்கி இருந்தன. குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது, சிந்திய பழங்கள் ரோட்டோரம் கிடந்தன. தோட்டத்தில் பிறந்தவளுக்குப் பச்சை என்றால் வேலைதான் கண்ணில் படும். ஆனால் காஹாங்கை நெருங்கும்போது தூரத்து மலையின் இடுப்பில் மேகம் படுத்திருந்தது. அது அழகாகத்தான் இருந்தது. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

விஸ்கிச் சாலை என்பது தோட்டத்தின் பழைய புகைக்கூடம். ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் உயரமான செங்கல் கட்டடம். உள்ளே நுழைந்ததும் சுவரில் அந்தப் பழைய வாடை இருக்கிறதா என்று மூக்கு தானாகத் தேடியது. இல்லை. சுத்தமாகக் கழுவி வெள்ளை அடித்திருந்தார்கள். நடுவில் செம்புக் கொதிகலன் ஒன்று, கழுத்து நீண்டு வளைந்து, துடைத்த குத்துவிளக்கு போல மின்னியது. வழிகாட்டி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். முளைகட்டிய பார்லி கப்பலில் வருகிறது, அதை அரைத்து வெந்நீரில் ஊறவைக்கிறோம், அந்தத் தண்ணீரைப் புளிக்க விடுகிறோம், பிறகு இரண்டு தடவை காய்ச்சி வடிக்கிறோம். புளிக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கச் சொன்னாள். மூக்கில் அடித்த அடியில் நான் இரண்டு எட்டு பின்னால் வந்தேன்.

“மாவு பொங்கிருச்சும்மா, தோச ஊத்திரலாமா?” என்றாள் மகள்.

“ஒங்க மாமியா வீட்டுக்கு ஊத்து.”

“மாமியாவே இல்ல, அதுக்குள்ள தோசையா?”

நீங்கள் அப்போது உண்மையாகவே சிரித்தீர்கள். வேனில் சிரித்த சிரிப்பு இல்லை அது. எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்தது பீப்பாய் அறை. இருட்டு, குளிர்ச்சி, மர வாசனை. பீப்பாய்கள் படுத்த வாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அங்கே சுவரில் தங்க எழுத்தில் ஒரு பலகை. வழிகாட்டி அதைத் தொட்டுக் காட்டிக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பீப்பாய்க்குள் இருக்கும் விஸ்கி வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகிப் போய்விடுமாம். நம் ஊர் வெயிலுக்கு இன்னும் கூடுதலாகப் போகுமாம். அதை நஷ்டம் என்று சொல்ல மாட்டார்களாம். தேவதைகளின் பங்கு என்பார்களாம். மேலே இருப்பவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் மனிதனுக்கு என்று அவள் சொன்னதும் உங்கள் கஸ்டமர்கள் இரண்டு பேரும் ஆகா என்றார்கள். ஒருவர் அந்தப் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் ஒரு பீப்பாயின் இரும்பு வளையத்தை ஆராய்ந்துகொண்டிருந்தீர்கள். வெள்ளைக்காரன் தேவதைக்குப் பங்கு வைத்தால் அதற்குத் தங்க எழுத்து. நம் ஆள் முனியாண்டிக்குப் பங்கு வைத்தால் அது மானக்கேடு, அதற்குத் தீர்மானம். இது எந்த நியாயம்? அங்கேயே கேட்டிருப்பேன். உங்கள் கஸ்டமர் முன்னால் வேண்டாம் என்று விட்டேன். அந்த மரியாதையை நான் உங்களுக்குச் செய்தேன்.

ருசி பார்க்க வெளி வராந்தாவில் நீள மேசை போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு துலிப் பூ மாதிரி கிளாஸ், அடியில் கொஞ்சமாகப் பொன்னிறத்தில் விஸ்கி. அங்கிருந்து பார்த்தால் காணியின் எல்லை தெரியும். எல்லையில் ஒரு பெரிய மழைமரம். மரத்தடியில் ஒரு கல். கல்லில் வெளுத்துப்போன சிவப்புத் துணி, பக்கத்தில் வளைந்த இரும்புச் சூலம்.

அது நான் பிறந்த தோட்டம் இல்லை. நான் பிறந்த இடத்தில் இப்போது கிடங்குகள் நிற்கின்றன. ஆனால் எல்லையில் மரம், மரத்தடியில் கல், கல்லில் சிவப்புத் துணி என்றால் அது யார் என்று எந்தத் தோட்டத்துக்காரருக்கும் தெரியும்.

வழிகாட்டியிடம் அது என்ன என்று கேட்டேன். பழைய கல், எடுக்கக் கூடாது என்று பழைய தொழிலாளிகள் முதலாளியிடம் சொல்லியிருந்தார்களாம், அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள் என்றாள். பிறகு, “எங்களுக்கு முன்னாடி இங்க ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி, வெறும் புகைதான்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

“முனியாண்டி இருந்தாரு” என்றேன்.

“யாரு? மேனேஜரா?”

“மேனேஜருக்கெல்லாம் மேனேஜர்” என்று சொல்லிவிட்டு என் மகள் கழிவறைக்குப் போனாள்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் கிளாஸை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். அவள் பதறிவிட்டாள்.

“ஆன்ட்டி, ஜாங்ஙான் மினும் டுலு!” இப்போது குடிக்காதீர்கள், முதலில் மோந்து பார்க்க வேண்டும் என்று மலாயில் கத்தினாள்.

குடிக்கவில்லை, ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நானும் மலாயிலேயே சொல்லிவிட்டு நடந்தேன். தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இது சட்டம். முனியாண்டி பார்க்கிற இடத்தில் பாட்டில் திறந்தால் முதல் ஊற்று அவருக்கு. எவ்வளவு பெரிய குடிகாரனும், கை நடுங்குகிறவனும், அதை மீறி நான் பார்த்ததில்லை.

செருப்பைக் கழற்றினேன். புல் ஈரமாக இருந்தது. பாதி விஸ்கியைக் கல்லின் அடியில் ஊற்றி, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ரொம்ப நாளாக யாரும் வரவில்லை போலிருக்கிறது, ஒரு சுருட்டுத் துண்டுகூட அங்கே இல்லை. மிச்சத்தை நான் குடித்தேன். அப்போதுதான் நீங்கள் அந்தப் படத்தை எடுத்திருக்கிறீர்கள். எனக்கு அது அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததைப் படம் காட்டாது, செயலாளரே. நான் காட்டுகிறேன்.

பின்னால் காலடி கேட்டது. திரும்பினால் நீங்கள். குனிந்து, பளபளவென்று இருந்த தோல் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். ஷூவைக் கழற்றினீர்கள். காலுறையையும் கழற்றி ஷூவுக்குள் சுருட்டி வைத்தீர்கள். வெறும் காலோடு ஈரப் புல்லில் வந்து நின்று, உங்கள் கிளாஸை அப்படியே கவிழ்த்தீர்கள். நான் பாதி ஊற்றினேன். நீங்கள் முழுவதையும் ஊற்றினீர்கள். தலையில் இருந்த தொப்பியையும் எடுத்துவிட்டீர்கள். உதடு அசைந்தது. என்ன வேண்டினீர்கள் என்று எனக்குத் தெரியாது, அது உங்கள் பாடு.

உங்கள் கண் சிவந்திருந்தது. குடித்ததால் என்று யாரும் சொல்ல முடியாது. அன்று அதுவரை நீங்கள் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

“எங்கப்பா இருக்காரே, சுருட்ட பத்த வெச்சு மொதல்ல அவரு ஒரு இழுப்பு இழுப்பாருக்கா. அப்புறம்தான் சாமி வாயில வெப்பாரு. கேட்டா, எரியுதான்னு பாக்க வேணாமாடாம்பாரு” என்றீர்கள்.

“எங்க லயத்துலயும் அப்படித்தான். சாமிக்குப் போற சுருட்டு பாதியாத்தான் போவும்.”

இரண்டு பேரும் சிரித்தோம். செயலாளர், சமையல்காரி எல்லாம் இல்லாமல், தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு கல்லின் முன்னால் நின்று சிரித்தோம். பிறகு உங்களுக்கு மாசாய் ஞாபகம் வந்துவிட்டது.

“அக்கா, இத அங்க போய்ச் சொல்லிறாதீங்க. நம்மளுக்குள்ளயே இருக்கட்டும்.”

“நான் ஏண்ணே சொல்லப் போறேன்?”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். திரும்பி வரும்போது வழியில் நீங்கள் என் மகளுக்கு நொறுக்குத் தீனி வாங்கிக் கொடுத்தீர்கள், என் வீட்டு வாசல் வரை வேனைக் கொண்டுவந்து விடச் சொன்னீர்கள். என் வீட்டுக்காரரிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

இப்போது அந்தச் சொல்லை உடைக்கிறேன். அந்தச் சொல் ஒரு கயிறு, அதன் ஒரு நுனி உங்கள் கையிலும் இருந்தது. நீங்கள் விட்டீர்கள், நான் விடுகிறேன்.

திருவிழாக் கூட்டம் கோவில் மண்டபத்தில் நடந்தது. நான் எழுந்து நின்றேன். அன்று கல்லின் முன்னால் உங்களைப் பார்த்த தைரியத்தில்தான் எழுந்தேன் என்பது உங்களுக்கும் தெரியும்.

“அண்ணே, சாமிக்குப் பழைய படையல ஒரு நாளைக்கு மட்டும் வைக்கலாமா? உள்ள வேணாம். பின்னால, மரத்தடியில, வெளிய.”

நீங்கள் மைக்கைத் தட்டினீர்கள். “அக்கா, ஊரு பூரா நம்மளக் குடிகாரன்னு சொல்றான். பேப்பர்ல சொல்றான், பஸ்ஸுல சொல்றான். கோவில்லயும் பாட்டில வெச்சா என்ன சொல்வான்?”

“எவன் என்ன சொல்வான்னு பாத்தாண்ணே சாமி கும்பிடறது?”

“அக்காவுக்கு ஏன் பாட்டில் மேல இவ்ளோ அக்கறன்னு தெரியல.”

மண்டபம் சிரித்தது. ஆண்கள் பக்கம் சிரிப்பு கொஞ்சம் நீளமாகவே ஓடியது. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஈரப் புல், சுருட்டி வைத்த காலுறை, எல்லாம் வந்தது. விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீங்கள் சொன்ன காரணம் பொய்யான காரணம் இல்லை. சம்சு என்கிற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று எனக்குத் தெரியும். எங்கள் லயத்திலேயே சம்சு குடித்துக் கண் போனவர் இருந்தார். நம்மைக் குடிகாரர்கள் என்று பேசுகிறவனைக் கண்டால் எனக்கும் எரிகிறது. ஆனால் அந்த எரிச்சலைச் சாமி மேல் காட்டுவதா? அவருடைய மீசையைச் சிரைத்து, சுருட்டைப் பிடுங்கி, அவரை ஊருக்கு நல்ல பிள்ளையாக்கினால் நமக்கு மரியாதை வந்துவிடுமா? வரவில்லையே. நாம்தான் ஒருவரை ஒருவர் ஒளிந்து பார்க்கிற ஆட்களாக ஆனோம்.

அன்று சாயங்காலமே படம் வந்தது. மறுநாள் காலை தலைவர் போன் செய்தார். வயதானவர், மெதுவாகப் பேசுவார்.

“அம்மா, இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுத்துக்கங்கம்மா.”

“நான் களச்சிட்டேன்னு யாருங்கய்யா சொன்னது?”

“அதுக்கில்லம்மா. பேச்சு வந்திருச்சு. மடைப்பள்ளி சுத்தமா இருக்கணும்ல?”

“பேசுன வாய்க்குப் போன வருஷம் யாருங்கய்யா சோறு போட்டது?”

அவர் இருமினார். போனை வைத்துவிட்டார்.

சுத்தம் என்றால் ஒன்றைக் கேட்கிறேன். திருவிழா முடிந்த பிறகு கார் நிறுத்துமிடத்தில் எத்தனை காரின் பின்பக்கம் திறந்து கிடக்கிறது என்று மடைப்பள்ளி ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியாதா? ஐஸ் வேண்டும் என்று ஒவ்வொருவராக என்னிடம்தானே வந்து நிற்பீர்கள்? “அக்கா, கொஞ்சம் ஐஸ், தண்ணி ஜில்லுனு இல்ல” என்பீர்கள். தண்ணீருக்கு அவ்வளவு ஐஸா என்று ஒரு வருடமாவது நான் கேட்டிருக்கிறேனா? வாளியில் அள்ளிக் கொடுத்தேன். ஆண்கள் ஒளித்துக் குடித்தால் அது களைப்பு. பெண் வெளிச்சத்தில் நின்று, சாமிக்கு ஊற்றிவிட்டுக் குடித்தால் அது அசுத்தம். இந்த வருடச் சமையலை வெளியில் ஒரு கேட்டரிங்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் வீட்டில் என்ன குடிக்கிறார் என்று யாராவது கேட்டார்களா?

படத்தை என் வீட்டுக்காரரிடம் நானே காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் எதற்கும் தயாராக நின்றேன்.

“போட்டோ நல்லா வந்திருக்கு. சுடிதார் கலரு தெளிவாத் தெரியுது” என்றார்.

“அவ்ளோதானா?”

“என்னைய ஏன் கூட்டிட்டுப் போகல? ஊறுகாய் தின்னுக்கிட்டு உக்காந்திருப்பேன்ல?”

என் மகளுக்குத்தான் கோபம் தாங்கவில்லை. “ஏம்மா, அந்தாளு ஊத்துனத நீங்க ஒரு படம் எடுத்திருக்கக் கூடாதா? இப்ப அனுப்பி விட்டிருக்கலாம்ல?” என்று குதித்தாள். எனக்கு அது தோன்றவே இல்லை. சாமி முன்னால் ஒருவர் வெறும் காலோடு நிற்கும்போது போனை நீட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அப்படி ஒரு படம் என்னிடம் இருந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் எழுதியவர் தன் முகத்தைக் காட்ட வேண்டும், தெரியாத எண்ணுக்குப் பின்னால் ஒளிய முடியாது.

சிலர் வந்து எனக்கு யோசனை சொன்னார்கள். தலைவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேள், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எதற்கு மன்னிப்பு? குடித்ததற்கா, ஊற்றியதற்கா? இரண்டுக்கும் கேட்க மாட்டேன். ஒரு தீட்டுக் கழிப்புச் செய்துகொண்டு மடைப்பள்ளிக்குள் போகலாம் என்றும் ஒருவர் சொன்னார். என் கையில் தீட்டு இல்லை. அந்தக் கையில் முதல் ஊற்று வாங்கிக்கொண்டவர் முனியாண்டி. அவரை யார் கழிக்கப் போகிறீர்கள்?

செயலாளரே, நீங்கள் குடிப்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஊற்றியதைக் குற்றமாகச் சொல்லவே இல்லை. அன்று அந்தக் கல்லின் முன்னால் நின்ற ஆள் நல்ல ஆள். அந்த ஆளை நீங்கள்தான் மறைத்து வைத்திருக்கிறீர்கள். மறைத்ததோடு நிற்காமல், அவரைப் பார்த்த ஒரே சாட்சியை மடைப்பள்ளியை விட்டுத் துரத்தியிருக்கிறீர்கள். நான் கூட்டத்தில் வாயைத் திறப்பேன் என்று பயந்து நீங்கள் முந்திக்கொண்டீர்கள். நான் திறந்திருக்கவே மாட்டேன். அதுதான் எனக்கு வலிக்கிறது.

கொடியேற்றத்துக்கு முன்னால் பொதுக்கூட்டம் வருகிறது. வழக்கம்போல மைக் உங்கள் கையில் இருக்கும். நான் முன் வரிசையில் இருப்பேன், என் வீட்டுக்காரரும் மகளும் பக்கத்தில் இருப்பார்கள். ஒரே ஒரு கேள்வி. காஹாங் பக்கத்தில், மழைமரத்தடியில், அந்தக் கல்லின் முன்னால் ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டு நின்று உங்கள் கிளாஸை ஊற்றினீர்களா, இல்லையா?

ஊற்றினேன் என்றால் மடைப்பள்ளிச் சாவியை அந்தக் கூட்டத்திலேயே என் கையில் கொடுங்கள். ஊற்றவில்லை என்றால் சன்னதிப் பக்கம் திரும்பி, அந்தச் சின்ன மீசைக்காரர் முகத்தைப் பார்த்து, இல்லை என்று சொல்லுங்கள். எனக்குப் போன் செய்ய வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம், வீட்டு வாசலில் வந்து அக்கா என்று கெஞ்ச வேண்டாம். மைக்கில் சொல்லுங்கள். எல்லாருக்கும் கேட்க வேண்டும்.